விறகு விற்கும் பெண்மீது எல்லோருக்கும் சந்தேகம்

சனிக்கிழமை பிற்பகல் மூன்றே கால் மணிக்கு, கோடு போட்ட சேட் அணிந்த ஒருவர் என் மகளின் கணினிக்கு முன்னால் இருந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நேரம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூன்றரைக்குக் குண்டசாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அங்கே உட்காராமல் பக்கத்து மேசைக்குப் போயிருந்தால் நாங்கள் அந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போயிருப்போம். இதை எழுதவேண்டிய தேவையும் வந்திருக்காது.

போரின் கடைசி ஆண்டுகள் அவை. குண்டுகள் வடக்கில் விழுந்தன. கண்டியில் எங்கள் பைகளைத் திறந்து பார்த்தார்கள். மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்தாள். சும்மா இருக்க வேண்டாமே என்று, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் நடந்த கணினி வகுப்பில் சேர்த்திருந்தேன். அதை நடத்தியவர் கண்டியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு முஸ்லிம். அண்ணன்மார் கீழே துணி விற்க, இவர் மட்டும் மேலே ஏறி வந்து கணினி படிப்பித்தார். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராமல் போகலாம்.

வகுப்பின் கடைசி வேலையாக ஒவ்வொரு மாணவரும் அரை மணித்தியாலத்தில் விளையாடி முடிக்கக்கூடிய ஒரு கணினி விளையாட்டைச் செய்ய வேண்டும். அதை ஒருநாள் எல்லோருக்கும் காட்ட வேண்டும். பெற்றோர், சகோதரர், நண்பர்கள் என்று வருகிறவர்கள் விளையாடிவிட்டு எழும்பும்போது நல்லது ஒன்றும் குறை ஒன்றும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விளையாட்டைச் செய்தவர் பக்கத்தில் நின்று கேட்கலாம். ஆனால் ஒரு சொல்லும் பேசக் கூடாது. விளக்கம் சொல்லக் கூடாது, மறுக்கக் கூடாது, கேள்வி கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது. இது அந்த ஆசிரியர் வைத்திருந்த கடுமையான சட்டம்.

"விளையாடுறவங்க பிழையா சொன்னாலும் நீங்க வாயத் தொறக்கப்படாது," என்று அன்று காலையிலும் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார். "ஒங்கட கேம்தான் பதில் சொல்லணும். அது சொல்லாட்டி, கேம்லதான் பிழை."

என் மகள் சட்டங்களுக்குப் பழகியவள்.

நாங்கள் யாழ்ப்பாணத்தவர்கள். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் விடுதியின் பின்கதவால் ஓடியவன். ஓடியவன் பிறகு திரும்பி வந்து, அதே ஊரில் வேலை எடுத்து, கலியாணம் முடித்து, பிள்ளையும் வளர்த்தது என்ன புத்தி என்று மனைவி இன்றைக்கும் கேட்பாள். இருந்தோம். இருப்பதற்குச் சில ஒழுங்குகள் வைத்துக்கொண்டோம். பஸ்ஸில் தமிழ் பேசுவதில்லை. மகள் வெளியில் என்னை அப்பா என்று கூப்பிடமாட்டாள். இறங்கும் இடம் வந்தால் சேட்டின் கையைப் பிடித்து இழுப்பாள். சோதனைச் சாவடியில் கேட்குமுன்னரே அடையாள அட்டை கையில் இருக்கும். இரவுச் சாப்பாட்டின்போது ஒவ்வொருவரும் அன்றைக்கு எத்தனை மணிக்கு எங்கே நின்றோம், யாரோடு கதைத்தோம் என்று சொல்ல வேண்டும். நாளைக்கு யாராவது கேட்டால் தடுமாறக் கூடாதல்லவா. மனைவி வாய்ப்பாடு கேட்பது போல் கேட்பாள். "ரெண்டு மணிக்கும் ரெண்டரைக்கும் இடையிலை எங்கை நிண்டனி? அதைச் சொல்லு முதல்." மகள் சோற்றை மென்றபடியே சொல்லுவாள்.

அவளுக்கு அது சட்டமாகத் தெரியவில்லை. வெளியே போய் வந்தால் கால் கழுவுவது போல அதுவும் ஒன்று. எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்து வளர்ந்திருக்கிறாள். அந்த விளையாட்டைப் பார்த்தபோதுதான் அது எனக்கு விளங்கியது.

கதை இதுதான். மூடுபனி சூழ்ந்த ஒரு மலையூர். உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே ஒரு வாசல். ஆட்களின் உருவத்தை எடுக்கக்கூடிய ஒரு பூதம் எப்படியோ உள்ளே புகுந்து, ஊரவரில் ஒருவரை விழுங்கிவிட்டு அவருடைய முகத்தோடு நடமாடுகிறது. விளையாடுபவர் ஒரு வழிப்போக்கர். கையிலுள்ள விளக்கில் எண்ணெய் தீருவதற்குள் ஊராரை ஒவ்வொருவராக விசாரித்து, போலி யாரென்று கை நீட்ட வேண்டும். பாண் சுடுகிறவர், கோயில் மணியடிக்கிற கிழவர், விறகு விற்கும் ஒரு பெண், அவளுடைய தகப்பன், வாசலில் விளக்கோடு நிற்கும் காவல்காரன். படங்களை அவளே வரைந்திருந்தாள். வசனங்கள் சிங்களத்தில் இருந்தன. வகுப்புத் தோழி ஒருத்தி திருத்திக் கொடுத்திருந்தாள்.

விறகு விற்கும் பெண் சந்தையில் தகப்பனுக்கு எதிரிலேயே நிற்பாள், ஆனால் அவரை ஒரு முறையும் கூப்பிடமாட்டாள். காவல்காரன் கிட்ட வந்தால் கேட்குமுன்னரே விறகுக் கட்டை அவிழ்த்துக் காட்டுவாள். நேற்று எங்கே இருந்தாய் என்று கேட்டால், விடிந்ததிலிருந்து பொழுது படும் வரை ஒரு நாழிகையும் விடாமல் சொல்லுவாள்.

போலி அவளல்ல. போலி அந்தக் காவல்காரன். ஊரிலுள்ள எல்லோரையும் அவன் விசாரிப்பான். அவனை ஒருவரும் விசாரித்ததில்லை. மற்றவர்களின் படத்துக்குக் கீழே 'கேள்' என்று ஒரு பொத்தான் இருப்பது போல அவனுடைய படத்துக்குக் கீழேயும் இருந்தது. அதை அழுத்தினால் அவன் தடுமாறுவான். தாயின் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாமல் நிற்பான். விளையாட்டு அத்தோடு முடிந்துவிடும். அவ்வளவு சுலபம்.

காலை முழுதும் ஒருவரும் அந்தப் பொத்தானை அழுத்தவில்லை.

முதலில் விளையாடியவன் ஒரு சிங்களப் பையன், பக்கத்து மேசை மாணவனின் தம்பி. விறகுப் பெண்ணை இரண்டாவது கேள்வியிலேயே பிடித்துவிட்டான். திரையில் அவள் அழுதுகொண்டே வாசலுக்கு வெளியே தள்ளப்பட, காவல்காரன் முகத்தைக் கழற்றிவிட்டுச் சிரிக்க, பையன் கதிரையிலிருந்து குதித்தான்.

"அக்கா, இது மோசடி! அவதானே பேய்! அப்பாவைக் கூப்பிடாத பிள்ளை எங்கயாவது இருக்குமா?"

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சட்டம்.

அடுத்து ஓர் அம்மா வந்தார், பாடசாலை ஆசிரியை என்று நினைக்கிறேன். படங்கள் மிகவும் வடிவு என்று மகளின் கன்னத்தைத் தடவினார். குறை என்னவென்று கேட்டபோது நிதானமாகச் சொன்னார்: "அந்தப் பெண்ணுக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் தயாராக இருக்கிறது, மகள். உண்மையான மனுசருக்கு நேற்று நடந்தது இவ்வளவு ஞாபகம் இருக்காது. நான் நேற்றுப் பகல் என்ன கறி சாப்பிட்டேன் என்றே எனக்கு ஞாபகம் இல்லையே." சொல்லிவிட்டு மனதாரச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அந்த அம்மாவைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கேட்காமலே கட்டை அவிழ்த்துக் காட்டுகிறவளிடம் ஏதோ ஒளித்து வைத்திருக்கத்தான் வேண்டும் என்றான் ஒருவன். அவள் கண்களைப் பார்த்தாலே தெரிகிறதாம், இன்னொருத்தி சொன்னாள். காவல்காரன் பாவம், தன் வேலையைத்தானே செய்கிறான், அவனைப் பிடிக்கச் சொல்வது அநியாயம் என்று ஒரு மாணவனின் தாத்தா தலையை ஆட்டினார். கெட்டவர்கள் என்று ஒருவரையும் சொல்லமாட்டேன். பற்றிஸ் சாப்பிட்டார்கள், பிளேன்டி குடித்தார்கள், என் மகளைத் தட்டிக்கொடுத்தார்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பகல் இடைவேளையில் ஆட்கள் குறைந்தபோது மகள் என்னருகில் வந்து நின்று, யன்னல் பக்கம் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"ஏனப்பா எல்லாரும் அவளையே பிடிக்கினம்?"

"சத்தமாக் கதைக்காதை பிள்ளை."

"நான் அவளுக்கு ஒரு மர்மமும் வைக்கேல்லை அப்பா. பாண் சுடுறவருக்குத்தான் பொய்த் தடயம் வைச்சனான். மாப் பையுக்கை கத்தி, ராவிலை காலடிச் சத்தம், எல்லாம் வைச்சனான். அவரை ஒருத்தரும் திரும்பியும் பாக்கேல்லை. இவள் சும்மா ஒரு பிள்ளை. சாதாரணப் பிள்ளை."

எனக்குப் பதில் தெரியும். "சனங்கள் அவசரத்திலை விளையாடுகினம்," என்று ஏதோ சொன்னேன். அவள் நம்பவில்லை. பதினெட்டு வயதில் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்வதற்கு எத்தனையோ வழிகள் இருக்கின்றன. ஒரு கூட்டம் வரிசையாக வந்து, சிரித்துக்கொண்டே, நீ பேய் மாதிரி இருக்கிறாய் என்று சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மூன்றேகாலுக்கு அந்தக் கோடு போட்ட சேட்காரர் வந்தார். அவருடைய மகனும் அங்கேதான் படித்தான். கார் ஓட்ட விளையாட்டு ஒன்று செய்திருந்தான். தகப்பன் பொலிஸில் பெரிய பதவியில் இருப்பது எங்களுக்குத் தெரியாது. கலகலப்பானவர். "எங்கே, இந்தப் பேயை நான் பிடிக்கிறேன், இது என்னுடைய தொழில்தானே," என்று மகனைப் பார்த்துக் கண்ணடித்தபோதும் எனக்கு உறைக்கவில்லை.

விறகுப் பெண்ணைப் பிடித்தார். காவல்காரன் முகத்தைக் கழற்றினான். அவர் முதலில் சிரித்தார்.

"அடே, என்னையே ஏமாற்றிவிட்டதே! யார் இதைச் செய்தது?"

மகள் கையை உயர்த்தினாள். பெயரைக் கேட்டார். பெயர் சொன்னால் பதில் சொன்னதாகுமா என்று அவள் ஆசிரியரைப் பார்த்தாள், அவர் தலையசைத்தார், சொன்னாள். எங்கள் பெயர்கள் எதையும் மறைக்காதவை. அவருடைய சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் வேலைக்குத் திரும்பின.

"இது எந்த ஊர் வாசல், தங்கச்சி? இந்தக் காவல்காரன் யார்?"

மகள் பேசவில்லை.

"ஏன் காவல்காரனைப் பேயாக்கினாய்? யாராவது சொல்லித் தந்தார்களா?"

மகள் இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு, அவருடைய முகத்தை மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து எல்லோருக்கும் முன்னால் எப்படி நின்றாளோ அப்படியே. இது வேறு கேள்வி, இதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. விளையாடியவர் கேட்கிறார், செய்தவள் வாய் திறக்கக் கூடாது. அவ்வளவுதான். நான் ஆசிரியரைப் பார்த்தேன். அவர் பற்றிஸ் தட்டைக் கையில் ஏந்தியபடி நின்றார். 'பதில் சொல்லு' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவருடைய வாயும் திறக்கவில்லை.

நான் முன்னால் போய், "சேர், இது என் மகள், இது வெறும் கற்பனைக் கதை," என்று சிங்களத்தில் சொன்னேன். இருபது வருடங்களுக்கு மேல் பேசிய சிங்களம் அன்றைக்குப் பார்த்து என் நாக்கில் கல்லாய்க் கிடந்தது.

"தகப்பனா? இவ்வளவு நேரம் பக்கத்தில்தானே நின்றீர்கள். யாரோ என்று நினைத்தேன்." பிறகு மிக அன்பாகச் சொன்னார்: "பயப்பட ஒன்றுமில்லை. சின்ன விசாரணை. அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும்."

பொலிஸ் நிலையத்தில் மகளை உள் அறைக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு பெண் பொலிஸும் கூடப் போனாள், அது பெரிய ஆறுதல். என்னை வெளியே ஒரு நீண்ட மர வாங்கில் இருத்தினார்கள். அரை மணித்தியாலம் முடிந்தது. இன்னோர் அரை மணித்தியாலமும் முடிந்தது. கைத்தொலைபேசி அடித்தது. மனைவி.

"இஞ்சேருங்கோ, எங்கை நிக்கிறியள் ரெண்டு பேரும்? நாலு மணிக்கு வருவம் எண்டியள். தேத்தண்ணி ஆறிப்போச்சு."

எனக்கு முன்னால் ஒரு பொலிஸ்காரர் மேசையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிங்களத்தில், "கொஞ்சம் பிந்தும், நீ சாப்பிடு," என்றேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் அவளோடு ஒரு சொல்லும் சிங்களத்தில் பேசியதில்லை. பிறகு அவளும் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "பிள்ளை உங்களோடா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல முடியாமல், ஓம் என்றும் சொல்ல முடியாமல் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். எங்கே பிறந்தேன், எந்த ஆண்டு கண்டிக்கு வந்தேன், கூடப் பிறந்தவர்கள் எந்த எந்த நாட்டில், கடைசியாக யாழ்ப்பாணம் போனது எப்போது, யாருடைய வீட்டில் தங்கினேன். எல்லாம் சொன்னேன். அந்த வாரம் முழுவதும் எந்த நேரத்தில் எங்கே நின்றேன் என்றும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறீர்கள்," என்றார்.

மகள் உள்ளே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டாள் என்று கோடு போட்ட சேட்காரர் வந்து சொன்னார். இப்போது அவர் சீருடையில் இருந்தார். கதை கற்பனை என்கிறாள், அதைக்கூட ஏற்றுக்கொள்ளலாம் என்றார். "ஆனால் நான் முதலில் கேட்டபோது ஏன் பேசாமல் நின்றாள்? அதற்கு வகுப்புச் சட்டம் என்கிறாள். பேசக் கூடாது என்று எந்த வகுப்பில் சட்டம் இருக்கிறது? என் மகனும் அங்கேதான் படிக்கிறான். அவன் என்னோடு பேசினானே!" சொந்த மகனின் விளையாட்டை அவர் விளையாடிப் பார்த்திருக்கவில்லை, கார் ஓடுவதை நின்று பார்த்தார், அவ்வளவுதான்; அதனால் மகனுக்கு அந்தச் சட்டம் குறுக்கே வரவில்லை. இதை அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. "அந்த ஆசிரியர் வந்து சொல்லட்டும். சொன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் இன்றைக்கு இங்கேதான் வைத்திருக்க வேண்டிவரும்."

அந்த மனிதர் வந்து ஒரு வசனம் சொல்ல வேண்டும். அவ்வளவே. நான் அவருக்கு அழைப்பு எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. மீண்டும் எடுத்தேன். மூன்றாம் முறை தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது.

அந்த வாங்கில் இருந்த நேரத்தைப் பற்றி இப்போதும் ஒழுங்காக எழுத வரவில்லை. வெளியே பஸ்கள் பல்லேகலைக்கும் குண்டசாலைக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. அவற்றில் இருந்தவர்கள் அன்று சனிக்கிழமை என்பதை மட்டும் நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள். உள் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் எழும்பி நின்றேன். ஒரு முறை அவளுடைய செருப்பு தெரிந்தது. கால்கள் இரண்டையும் ஒட்டி வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் குழுப்படம் எடுக்கும்போது வைக்கச் சொல்லுவார்களே, அப்படி.

மகள் இப்போது வேறொரு நாட்டில் இருக்கிறாள். வங்கிகளுக்கு ஏதோ மென்பொருள் செய்கிறாள். விளையாட்டு ஒன்றும் அவள் பிறகு செய்யவில்லை. அன்றைக்கு உள்ளே என்னென்ன கேட்டார்கள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தொலைபேசியில் கதைக்கும்போது, நான் கேட்காமலே, இன்றைக்கு எத்தனை மணிக்கு எங்கே போனேன் என்று சொல்லத் தொடங்குவாள். போதும் பிள்ளை, விடு என்று சொன்னாலும் முடித்துவிட்டுத்தான் நிறுத்துவாள்.

அன்று இருட்டத் தொடங்கும் நேரத்தில் ஓர் ஓட்டோ வந்து வாசலில் நின்றது. ஆசிரியர் இறங்கினார். ஒரு கணினிப் பெட்டியைக் குளிக்கிற துவாயால் சுற்றி, பிறந்த பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. என்னைப் பார்த்தும் பாராமல் உள்ளே போனார். நான் கதவருகில் நின்றேன். சட்டத்தைப் பற்றிச் சொல்லப்போகிறார், ஒரு வசனம், முடிந்துவிடும் என்று நினைத்தேன். சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து என் மகளின் விளையாட்டின் இசை கேட்டது. மூடுபனி விலகி ஊர் தெரியும்போது வரும் அந்தப் புல்லாங்குழல். பிறகு கதிரைகள் இழுபடும் சத்தம், பொலிஸ்காரர்கள் கூடும் சத்தம். யாரோ ஒருவர், "அவளைப் பிடி, அவளைப் பிடி!" என்று கத்தினார். அதற்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். கைதட்டினார்கள்.

கதவு திறந்தது. ஆசிரியர் முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் என் மகள், தரையைப் பார்த்தபடி. அவர் துவாயால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் தோளில் கை வைத்தார்.

"முடிஞ்சிது சேர், அல்ஹம்துலில்லாஹ். புள்ளயக் கூட்டிட்டுப் போங்க. அந்தச் சட்டம் கிட்டம் ஒண்ணும் நான் பேசல்ல, அது இவங்களுக்கு வெளங்காது. கேம்ல ஒரு பிழ இரிக்கிண்டு சொன்னேன், வர முந்தியே நானே ஒக்காந்து திருத்திட்டேன். காலையிலிருந்து எல்லாரும் கேட்ட மாதிரித்தான். இப்ப அந்த வெறகுக்காரப் புள்ளதான் பேய், சேர். பாருங்க, ஒருத்தருக்கும் ஒரு கொறயும் இல்ல."